மேயர் எழுந்து நின்ற நேரம்

காலை பதினொன்று இருபதுக்கு என் மகள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

மன்றக் கூடத்தின் சுவரில் பெரிய வட்டக் கடிகாரம் ஒன்று இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். முப்பது வருடமாக மணி அடித்ததும் வகுப்புக்குப் போகிற ஆள் நான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் கடிகாரத்துக்குத்தான் போகும்.

அதற்குப் பிறகு அவளைப் பார்த்தேன். உயரமான மேடையில், சிவப்பு அங்கியும் கழுத்துச் சங்கிலியுமாக உட்கார்ந்து, ஒலிவாங்கியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். பேச்சு பாதிச் சொல்லில் நின்றது. சட்டென்று எழுந்து நேராக நின்றாள்.

அவளுக்குப் பின்னால் வெள்ளைத் தலைப்பாகையுடன் தபேதார் ஒருவர் நின்றிருந்தார். மேயரோடு முன்னும் பின்னும் போகிற ஊழியர். அவள் எழுந்ததும் மேசைமேல் கிடந்த வெள்ளிச் செங்கோலை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

சென்ற வாரம் என் மகள் ஸ்டெல்லா மேயராகப் பதவியேற்ற நாளைப் பற்றி எழுதியிருந்தேன். ‘அவ்வளவு பெரிய நகரத்தின் மேயர் ஏன் ஏழே மாதத்தில் பதவியை விட்டார், அதைச் சொல்லாமல் அங்கியின் ஜரிகையைப் பற்றியே எழுதுகிறீர்களே’ என்று அனந்தபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நான் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான்.

வராதே என்ற நாள்

முதல்நாள் சாயங்காலம் அவளே போன் செய்தாள். குரல் கட்டியிருந்தது.

“இன்னாம்மா, தொண்டை இப்படி இருக்குது?”

“கத்திக் கத்திப் போச்சு நைனா. நாளைக்குத் தீர்மானம் வருது.”

“நான் வந்து ஒருவாட்டி பாக்கட்டுமா? நீ அந்தச் சேர்ல உக்காந்து நான் பாத்ததே இல்லியே.”

“நாளைக்கு மட்டும் வேணாம். இன்னொரு நாளு நானே வண்டி அனுப்பறேன். நாளைக்கு வராதீங்க. சரியா?”

“சரிம்மா” என்றேன்.

அந்தத் தீர்மானம் இதுதான். நகரத்தின் ஒரு ஓரத்தில் பழைய ஏரி ஒன்று இருக்கிறது. ஊர்க் குப்பை முழுக்க அதன் கரையில்தான் கொட்டப்படுகிறது. கரையை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் படிக்கிறார்கள். இனி அங்கே கொட்டக்கூடாது என்று என் மகள் தீர்மானம் கொண்டுவந்தாள். அவள் கட்சிக்காரர்களிலேயே பாதிப்பேருக்கு அது பிடிக்கவில்லை. துணை மேயர் வெளிப்படையாகவே எதிர்த்தார். அவள் இரண்டு மாதமாகக் கவுன்சிலர்களின் வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரிடமும் காபி குடித்து, ஆதரவு சேர்த்து வைத்திருந்தாள். “இப்போ எனக்குக் காபி வாசனையே ஆவல நைனா” என்று சொல்லிச் சிரித்தாள்.

போனை வைத்த பிறகு நான் செய்திச் சேனலைப் போட்டது தப்பு. ‘நாளை மன்றத்தில் மோதலா?’ என்று கேட்டுவிட்டு, எந்த ஊர் மன்றத்திலோ எப்போதோ நாற்காலிகள் பறந்த காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

“பாரு பிலோமினா, சேரத் தூக்கி அடிக்கறான்.”

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். “அது வேற ஊரு. வேற வருசம். நீங்க போயி இன்னா பண்ணுவீங்க? பறந்து வர்ற சேரப் புடிப்பீங்களா?”

“புடிப்பேன்.”

“அன்னிக்கு ஜவுளிக்கடையில விழுந்த பஞ்சு மூட்டையக் கூட உங்களால புடிக்க முடியல. பேசாம டிவிய நிறுத்துங்க.”

நிறுத்தினேன். ஆனால் விடிந்ததும் பால் வாங்கப் போனவன், பால் கடையைத் தாண்டி நடந்து, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நகரத்துக்குப் போக நின்ற முதல் பேருந்தில் ஏறிவிட்டேன். கையில் பாலுக்கான ஒயர் கூடை இருந்தது. அதோடுதான் போனேன். டிக்கெட் எடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போன் செய்தேன். மறுமுனையில் பிலோமினா, “பாலு?” என்று மட்டும் கேட்டாள்.

முதல் பெஞ்ச்

அவள் ஏன் எழுந்தாள் என்பதைச் சொல்ல வேண்டுமானால் என் வகுப்பறைக்குப் போக வேண்டும்.

ஸ்டெல்லா ஆறாம் வகுப்பிலிருந்து நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். ஏழாம் வகுப்பில் நானே அவளுக்குக் கணக்கு வாத்தியார். ஒருநாள் நான் நுழைந்தபோது வகுப்பே எழுந்து நின்றது. முதல் பெஞ்சில் அவள் மட்டும் எழவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். நான் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

அவளை வெளியே நிற்கவைத்தேன். அந்தப் பாடவேளை முழுக்க, அடுத்ததும். வாத்தியார் மகள் என்று சலுகை காட்டினான் என ஒருவரும் சொல்லிவிடக்கூடாது என்ற பயம் எனக்கு. கோட்டைப் பாறையிலிருந்து அனல் அடிக்கிற மாதம். வராந்தாவில் நிழல் அவளைத் தாண்டிப் போய்விட்டது. ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது. பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு என் செருப்புச் சத்தம் வராந்தா முனையில் கேட்கும்போதே அவள் எழுந்துவிடுவாள் என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவள் எழுவதைப் பார்த்துத்தான் வகுப்பு எழும். வீட்டிலும் அப்படியே ஆனது. சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். நான் உள்ளே வந்தால் எழுவாள். படித்துக்கொண்டிருப்பாள், எழுவாள். கல்லூரிக்குப் போன பிறகும், கல்யாணமாகி நகரத்துக்குப் போய்த் திரும்பி வரும்போதும்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். ‘உக்காரும்மா’ என்று நான் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

ஏழு மாதம்

அவள் அரசியலுக்குப் போனது தண்ணீரால்தான். கல்யாணமாகிப் போன தெருவில் லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் வேலைக்குப் போகாமல் குடத்தோடு காத்திருப்பார்கள். இவள் பொறியியல் படித்தவள். ஒரு மாதம் குறிப்பெடுத்து, எந்தத் தெருவுக்கு எந்த நாளில் எத்தனை மணிக்கு வண்டி வருகிறது என்று அட்டவணை போட்டு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினாள். பிறகு அந்த அட்டவணைப்படி வண்டி வராவிட்டால் அதிகாரிக்குப் போன் செய்தாள். தினமும். தேர்தல் வந்தபோது அந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

மேயர் பதவியும் அந்தமுறை பெண்களுக்கு என்று ஆனது. பெரிய ஆட்கள் இரண்டு பேர் தங்கள் வீட்டுப் பெண்களுக்காக மோதிக்கொண்டார்கள். இருவர் பக்கத்தையும் சேராத ஒருத்தி வேண்டியிருந்தது. அதுதான் இவள். போனில், பரீட்சையில் தோற்றவள் போன்ற குரலில் சொன்னாள்: “நைனா, என்னிய மேயர் ஆக்கிட்டாங்க.”

அங்கியைப் பற்றிக் கேட்டேன். “ஸ்கூல் டிராமால மாதா வேஷம் போட்ட மாதிரி இருக்குது. உள்ள வேர்த்து ஊத்துது.”

விடிந்ததும் துப்புரவுப் பணியாளர்கள் வருகைப் பதிவு செய்கிற இடத்துக்குப் போய் நிற்பாள். கையுறை வந்ததா, வண்டியின் சக்கரம் மாற்றினார்களா என்று கேட்பாள். அங்கே ஒரு அம்மாள் இவளிடம், “மேயரம்மா, நீங்க தெனமும் வந்தா எங்க மேஸ்திரிக்கு நெஞ்சு வலி வந்துரும், ஒருநாள் விட்டு ஒருநாள் வாங்க” என்றாளாம். குப்பை எங்கே போகிறது என்று பார்க்க ஒருநாள் லாரியின் பின்னாலேயே போனாள். அப்படித்தான் அந்த ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

இரண்டு பேருடைய பழக்கம்

மாநகராட்சி வாசலில் காவலர் என்னையும் ஒயர் கூடையையும் மேலும் கீழும் பார்த்தார். பார்வையாளர்கள் மாடிக்குப் போக வேண்டும், அங்கே தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு அவளுக்குத் தெரியாமல் கிளம்பிவிடலாம் என்பதுதான் என் திட்டம்.

“யாரப் பாக்கணும் பெரியவரே?”

“நான் மேயரோட அப்பா.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஏழு மாதமாக யாரிடமாவது சொல்லத் துடித்துக்கொண்டிருந்த சொல் அது. அவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, மாடிப்படிக்கு அனுப்பாமல் நேராக மன்றத்தின் நடுக்கதவுக்கு அழைத்துப் போனார். வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. மிதிக்க மனம் வராமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். கதவைத் திறந்தார்கள். உள்ளே ஐஸ் போலக் குளிர்ந்தது.

தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கியவர்களை மன்றச் செயலாளர் வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு வரிசைதான் பாக்கி. தூக்கிய கைகளுக்கு நடுவில், வெறுங்காலோடு, பால் கூடையோடு நான் நின்றேன்.

அவள் எழுந்தாள்.

அந்த மன்றத்தில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. கூட்டம் முடிந்தது என்று மேயர் வாயால் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து நின்றால் போதும். தபேதார் செங்கோலை எடுத்துவிட்டால் கூட்டம் கலைந்தது என்று பொருள். அதனால் மேயர் இருமல் வந்தாலும் உட்கார்ந்தபடியே இருப்பார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். தபேதாருக்கு முப்பது வருடத்துக்கும் மேல் சர்வீஸ். மேயர் எழுந்தால் அவர் கை தானாகச் செங்கோலுக்குப் போகும். நான் வந்தால் என் மகள் தானாக எழுவதைப் போல.

துணை மேயர் பக்கத்திலிருந்து ஒருவர் துள்ளி எழுந்தார். “கூட்டம் முடிஞ்சிபோச்சு! செங்கோல எடுத்தாச்சு! ஓட்டு செல்லாது!”

“உக்காருய்யா! இன்னும் எண்ணி முடிக்கல!”

“மேயரே நிக்கறாங்க, நான் எதுக்குய்யா உக்காரணும்?”

அதன்பின் ஒரே கூச்சல். நாற்காலி எதுவும் பறக்கவில்லை. அவள் மேடையிலிருந்து இறங்கினாள். என்னைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

“சாப்டீங்களா நைனா?”

“ஆச்சும்மா.”

நான் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் போய்விட்டாள். ஒரு ஓட்டுநர் என்னைப் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து விட்டார்.

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் எழுத மிகவும் கூசுகிற இடம். பேருந்தில் நான் பெருமையாக இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக்கொடுத்து, “எம் பொண்ணு மேயருங்க. அத்தன பேரு நடுவுல என்னப் பாத்ததும் எழுந்து நின்னுட்டா” என்றேன். அவர், “குடுத்து வெச்சவரு சார் நீங்க” என்றார். சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நான் நின்றுகொண்டிருந்தேன். கீழே எழுத்து ஓடியது: ‘தந்தை வருகையால் தீர்மானம் தோல்வி.’

பெரிய படம்

செஞ்சியில் அந்த எழுத்தை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பார்த்தது அந்தப் பத்து விநாடியை மட்டும்தான். மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆளுயரத்துக்கு மேல் ஒரு பிளக்ஸ் நின்றது. ஒரு பக்கம் எழுந்து நிற்கும் என் மகள், மறுபக்கம் வெறுங்காலுடன் நான். ‘தந்தைக்கு மரியாதை தந்த தமிழச்சி.’

வைத்தவர் கரீம் பாய். பஸ் ஸ்டாண்டு அருகே ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பிலிருந்து என் சிநேகிதர்.

“பாய், அத எடுத்துடு.”

“இன்னா வாத்தியாரே, கலர் நல்லா வரலியா?”

“அந்த நிமிசத்துலதான் எம் பொண்ணு தோத்தா.”

அவர் கொஞ்ச நேரம் படத்தையே அண்ணாந்து பார்த்தார். “உன்னால ஒண்ணும் இல்லபா. அவனுங்க வேற எதையாச்சும் சாக்கு சொல்லி கவுத்திருப்பானுங்க. உன் மூஞ்சி ஒரு சாக்கு, அவ்ளோதான்.” பிறகு ஏணி கொண்டுவரச் சொல்லி, தானே ஏறி அவிழ்த்தார். “கூடைய மட்டும் வெட்டிட்டு வெக்கட்டுமா?” என்று மேலேயிருந்து கேட்டார். சிரிக்கத்தான் முயன்றேன்.

எல்லோரும் சொன்னது

பத்து நாள் கழித்து மன்றம் மறுபடி கூடியது. அதற்குள் கை தூக்கியவர்களுக்கெல்லாம் யார் யாரோ போன் செய்திருந்தார்கள். பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களில் பாதிக் கை மேலே போகவில்லை. மன்றத்தை நடத்தத் தெரியாதவர் என்று கட்சியில் முடிவு செய்தார்கள். உடல்நிலை காரணமாகப் பதவி விலகுகிறேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். ஏழாவது மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அம்மை போட்டிருந்த ஒரு வாரம் தவிர, அவள் காய்ச்சல் என்று படுத்து நான் பார்த்ததில்லை.

வார்டு கவுன்சிலர் பதவி மட்டும் அவளிடம் இருந்தது.

மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அம்மாவோடு பேசுவாள். நான் பக்கத்தில் போய் நின்றால், “இந்தா, நைனா நிக்கறாரு” என்பாள் பிலோமினா. அதற்குள் அங்கே போன் வைக்கப்பட்டிருக்கும். பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வகுப்புக்குள் நுழைந்து பிள்ளைகள் எழுந்து நின்றால் என்ன ஆவேன் என்று தெரியவில்லை.

எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். தலைமையாசிரியர் சொன்னார், உங்களால் இல்லை சார். மருமகன் போனில் சொன்னார், உங்களால் இல்லை மாமா. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பங்குச் சாமியார் கேட்டுவிட்டு, “பெத்த புள்ளயப் பாக்கப் போனது பாவத்துல சேராது. வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க” என்றார். வேறு எதுவும் இல்லை. எழுந்து வந்தேன்.

கேட்கக் கேட்க எனக்கு மூச்சு முட்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவரும் எண்ணாமல் விட்ட அந்தக் கடைசி இரண்டு வரிசைக் கைகளைப் பார்த்தவர்கள் இல்லை. நான் பார்த்தேன். எல்லாமே மேலே இருந்தன.

ஒரு வியாழக்கிழமை மதியம் வாசலில் ஆட்டோ நின்றது. கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிலோமினா கரண்டியோடு வெளியே போனவள், “அடிப் பாவி, இளைச்சிட்டியே!” என்று கத்தினாள். ஸ்டெல்லா இரண்டு பைகளோடு உள்ளே வந்தாள். கூட யாரும் இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கைகால் கழுவிக்கொண்டு நேராகச் சோற்றுக்கு உட்கார்ந்தாள்.

இரண்டாவது முறை சோறு வாங்கும்வரை காத்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

“என்னாலதானாம்மா?”

“ஆரம்பிச்சிட்டாரு” என்றாள் பிலோமினா. “நீயாச்சும் சொல்லுடி இல்லன்னு. மூணு வாரமா இந்த மனுசன் சரியாத் தூங்கல.”

ஸ்டெல்லா பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

“உங்களாலதான் நைனா. வராதீங்கன்னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டு வந்தீங்க. அன்னிக்கு ஜெயிச்சிருப்போம். இப்பவும் அங்கதான் குப்ப கொட்டறாங்க.”

“ஏன்டி!” என்று பிலோமினா பதறினாள். நான் அவளைக் கையமர்த்தினேன். மூன்று வாரத்துக்குப் பிறகு நெஞ்சுக்குள் காற்று முழுசாகப் போய் வந்தது.

“கோவம் இல்லன்னு சொல்லலாம்னுதான் பஸ்ல நெனச்சிட்டு வந்தேன்” என்றாள் ஸ்டெல்லா. “இருக்குது. எத்தினி நாளைக்கு இருக்கும்னு தெரியல. அடுத்த கூட்டத்துக்குப் பத்து நாளு இருக்குது, கவுன்சிலரா போயி மறுபடியும் ஏரிய எடுக்கணும். அதுவரைக்கும் இங்க இருந்துதான் கோவப்படப் போறேன்.”

பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“கொழம்பு ஊத்துங்க நைனா.”